பில் ஏற ஏற சர்க்கரையும் ஏறியது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 11 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. முதலில் எங்கள் தெரு டாக்டர் இரண்டு மாத்திரைதான் கொடுத்தார். மாதம் இருநூறு ரூபாய்கூட ஆகாது. மூன்று வருடத்துக்கு முன் பெரிய மருத்துவமனைக்கு மாறினோம். போகும்போதெல்லாம் சீட்டில் ஒரு வரி கூடுகிறது, ஆனால் சர்க்கரை குறையவில்லை. போன வாரம் மருந்துக்கடை பில் ஒன்று கையில் சிக்கியது. 15 நாளுக்கு மட்டும் வாங்கியிருக்கிறார். கேட்டால், "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன், எனக்காக எவ்வளவுதான் செலவு பண்ணுவ" என்கிறார். ஒரு வருடத்துக்கு மேலாக இப்படித்தானாம். டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை அடியோடு விட்டுவிட்டார், அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதாம். வீணாகக் கூடாதென்று முன்பு வாங்கிய டெனெலிகிளிப்டின் அட்டையையும் இடையிடையே போட்டுத் தீர்க்கிறார். டாக்டருக்கு எதுவும் தெரியாது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.4 சதவீதம் என்றும், அடுத்த தடவை இன்சுலின் போடவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். முழு மாதத்துக்கு வாங்கினால் 3,645 ரூபாய். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அரசாங்க மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ஆனால் அதில் பவர் கம்மி என்கிறார்கள். விலை குறைந்த மாத்திரைக்கு மாறலாமா? டாக்டர் எங்களை ஏமாற்றுகிறாரா? சீட்டும் ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணவர் பாதி மாத்திரைதான் போடுகிறார் என்று தெரிந்ததும் பதறிப்போய், நாளை காலையிலிருந்து சீட்டில் உள்ள அத்தனையையும் வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். இப்போதைக்கு அதுதான் பெரிய ஆபத்து.

ஏன் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு கைத்தறி நெசவாளர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை 250-க்கு மேல். நானும் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு மில்லிகிராம் என்று ஏற்றிக்கொண்டே போனேன். பேத்தி கல்யாணத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். மகள் பொறுப்பானவர். சீட்டைப் பார்த்து, காலையும் இரவும் தன் கையாலேயே மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். ஐந்தாம் நாள் விடிகாலையில் பெரியவரை எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது சர்க்கரை 34. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்துக்கொண்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் அவர் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே மாத்திரை போட்டிருக்கிறார், தறிக்கூலி வராத வாரத்தில் அதுவும் இல்லை. நான் எழுதிய நான்கு மில்லிகிராம், அவர் போடாத மாத்திரைகளுக்காக ஏற்றப்பட்ட அளவு. ஏழு மாதத்தில் ஒருமுறைகூட நான் அவரிடம், "மாத்திரை வாங்கக் கையில் காசு இருக்கிறதா" என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து சர்க்கரை ஏறியிருக்கும் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் மருந்தைக் கூட்டியதில்லை.

உங்கள் வீட்டில் நடப்பதும் இதேதான். பில் தாங்காமல் அவர் மாத்திரையைக் குறைக்கிறார். குறைத்ததால் சர்க்கரை ஏறுகிறது. ஏறியதைப் பார்த்த டாக்டர், 'இவ்வளவு மருந்திலும் கட்டுப்படவில்லையே' என்று இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார். பில் இன்னும் ஏறுகிறது, அவர் இன்னும் குறைக்கிறார். 9.4 என்ற அந்த எண் உங்கள் கணவரின் நோயை மட்டும் காட்டவில்லை, உங்கள் வீட்டு வரவு செலவையும் சேர்த்துக் காட்டுகிறது. டாக்டர் அதை முழுக்க முழுக்க நோய் என்று படித்துவிட்டார். அவருக்கு வேறு தகவல் கொடுக்கப்படவில்லை.

ஆகவே இந்த வாரமே டாக்டரைப் போய்ப் பாருங்கள். அதுவரை அவர் இப்போது உண்மையில் என்ன அளவு போடுகிறாரோ அதிலேயே இருக்கட்டும். அந்தப் பழைய டெனெலிகிளிப்டினை மட்டும் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். சீட்டில் ஏற்கெனவே சிட்டாகிளிப்டின் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து, ஒரே வேலையைத்தான் செய்யும். சேர்த்துப் போடுவதால் கூடுதல் பலன் ஒன்றுமில்லை. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து (அவர் சாப்பிடும் வோக்லிபோஸ், சாதாரணச் சர்க்கரை உடைந்து ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும்), கால்மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி அந்த 3,645 ரூபாய்க்கு வருவோம். உங்கள் பில்லை வரிவரியாகக் கூட்டிப் பார்த்தேன். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரை, காலையும் இரவும்: 900. சிட்டாகிளிப்டின்: 510. டாபாகிளிஃப்ளோசின்: 360. ஆகச் சர்க்கரைக்கு 1,770 ரூபாய். பிரஷருக்கான டெல்மிசார்டன் 225, கொழுப்புக்கான ரோசுவாஸ்டாடின் 270, இரண்டும் சேர்ந்து 495. மீதி 1,380 ரூபாய் எங்கே போகிறது? நரம்புக்கு என்று ஒரு காப்ஸ்யூல் 600, வாயுவுக்கு ஒரு மாத்திரை 360, விட்டமின் காப்ஸ்யூல் 420.

சர்க்கரை மாத்திரை விலை கட்டுப்படியாகவில்லை என்று என்னிடம் சீட்டை நீட்டுகிறவர்களில் பலருக்கு இதுதான் நிலைமை. பில்லில் பெரிய பங்கு சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாத வரிகளில் இருக்கும். உங்கள் விஷயத்தில் அந்த வரிகள் எப்படி வந்து ஒட்டிக்கொண்டன என்பதையும் சீட்டை வைத்தே ஊகிக்க முடிகிறது.

வோக்லிபோஸ், நாம் சாப்பிடும் மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்தும் மருந்து. உடையாமல் தங்கும் மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், அதனால் வயிறு உப்பும், வாயு பிரியும். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைப் பொருமவைக்கும். உங்கள் கணவர் 'ஒரே கேஸ் டாக்டர்' என்று சொல்லியிருப்பார். உடனே பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரை வந்திருக்கும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பி12 குறையலாம். பான்டோபிரசோலைத் தொடர்ந்து சாப்பிட்டாலும் அதே குறை வரலாம். பி12 குறைந்தால் காலில் மதமதப்பு வரலாம். அதற்கு பி12-ன் ஒரு வகையான மீத்தைல்கோபாலமின் கலந்த நரம்புக் காப்ஸ்யூல். ஒரு மாத்திரையின் உபத்திரவத்துக்கு இன்னொரு மாத்திரை, அதன் உபத்திரவத்துக்கு மூன்றாவது என்று சங்கிலியாக நீண்டுவிட்டது. மூன்று வெவ்வேறு நாளில் மூன்று புகார்களுக்கு மூன்று வரிகளைச் சேர்த்திருப்பார்கள். முதலிலிருந்து சீட்டை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். வோக்லிபோஸால் மூன்று மாதச் சராசரி குறைவது பெரும்பாலும் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் வாயு மாத்திரையின் தேவையே மறைந்துபோக வாய்ப்பிருக்கிறது. டாக்டரிடம் இதைக் கேளுங்கள். பி12-ஐ ஒருமுறை ரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் தனி பி12 மாத்திரை போதும். ஏழெட்டுச் சரக்குகளைக் கலந்த காப்ஸ்யூலுக்கு மாதம் 600 ரூபாய் கொடுக்க வேண்டாம். காலில் எரிச்சல் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை என்பதால், அதில் கலந்திருக்கும் நரம்பு வலி மருந்தான பிரீகாபலினுக்கும் அவசியம் தெரியவில்லை. ஆனால் பிரீகாபலினைத் தினமும் போட்டுப் பழகியவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். அதையும் டாக்டரே சொல்லட்டும். விட்டமின் காப்ஸ்யூலைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. அந்த 420 ரூபாய்க்கு முட்டையும் கீரையும் சுண்டலும் வாங்கலாம்.

இப்போது அவர் முதலில் தூக்கிப் போட்ட மாத்திரைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான்.

ரிப்போர்ட்டில் சிறுநீரில் ஒழுகும் அல்புமின் என்ற புரதம் 320 என்று இருக்கிறது. 30-க்குள் இருக்கவேண்டியது. ரத்தத்தில் கழிவின் அளவைக் காட்டும் கிரியாட்டினின் 1.4, அதுவும் கொஞ்சம் கூடுதல். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஒழுகத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். உடம்பில் வலி, வீக்கம் என்று எந்த அறிகுறியும் இல்லாமல் இது நடக்கும். இந்தக் கட்டத்தில் உதவும் மருந்துகளில் முக்கியமானவை இரண்டு. இரண்டுமே உங்கள் சீட்டில் இருக்கின்றன, டெல்மிசார்டனும் டாபாகிளிஃப்ளோசினும். 2020-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், சிறுநீரில் புரதம் ஒழுகிய 4,304 பேரில் பாதிப் பேருக்கு டாபாகிளிஃப்ளோசினும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் வெகுவாகப் பழுதடைவது, டயாலிசிஸ் நிலைக்குப் போவது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ மரணம், இவை எல்லாம் சேர்த்து டாபாகிளிஃப்ளோசின் குழுவில் 39 சதவீதம் குறைவாக இருந்தன. அதில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் டெல்மிசார்டன் போன்ற ஒரு மருந்தை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். உங்கள் கணவரின் நிலைமை கிட்டத்தட்ட அவர்களுடைய நிலைமையேதான்.

இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அதனால் சிறுநீர் கொஞ்சம் கூடுதலாகப் போவது மருந்து வேலை செய்வதன் அடையாளம். காலையில் போட்டுக்கொண்டால் இரவுத் தூக்கம் கெடாது. ஒன்றுக்குப் போனபின் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாட்களிலும், விரதமிருக்கும் நாட்களிலும், அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பும் நிறுத்தி வைக்கவேண்டும். இவ்வளவுதான். இந்த ஐந்து வாக்கியங்களை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அதை விட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நாளுக்கு 12 ரூபாய் மாத்திரை அது. காசை மிச்சப்படுத்துவதாக நினைத்து, சீட்டில் சிறுநீரகத்தைக் காக்கும் வரியை அவர் விட்டுவிட்டார், விட்டமின் காப்ஸ்யூலைத் தொடர்ந்திருக்கிறார். இதில் அவர் மேல் தப்பில்லை. எது விடக்கூடாத மருந்து, எது விட்டாலும் பாதகமில்லாத மருந்து என்று சீட்டில் எங்கேயும் எழுதியிருக்காது.

அடுத்து, பவர் கம்மியா என்ற கேள்வி.

மாத்திரையின் விலைக்கும் அதன் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை. விலையை முடிவு செய்வதில் பெரிய பங்கு காப்புரிமைக்கு. சிட்டாகிளிப்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை இருந்த காலத்தில் ஒரு மாத்திரை நாற்பது ரூபாய் அளவில் விற்றது. 2022 ஜூலையில் காப்புரிமை முடிந்தது. அதே வருடம் செப்டம்பரில் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் பத்து மாத்திரை 60 ரூபாய்க்கும், 100 மில்லிகிராம் பத்து மாத்திரை 100 ரூபாய்க்கும் வந்துவிட்டது. எம்பாகிளிஃப்ளோசின் என்று டாபாகிளிஃப்ளோசினின் தம்பி மருந்து ஒன்று இருக்கிறது. 2025 மார்ச் வரை ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் இருந்தது. காப்புரிமை முடிந்த அதே மாதம் சில கம்பெனிகள் ஆறு ரூபாய்க்குள்ளேயே கொண்டுவந்தன. ஒரே மாதத்தில் மருந்தின் வீரியமா பத்தில் ஒன்றாகக் குறைந்தது? நேற்று அறுபது கொடுத்து வாங்கிய அதே வேதிப்பொருள்தான் இன்று ஆறு ரூபாய்க்கு வருகிறது.

மறுபக்கம் மெட்ஃபார்மின். 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதிய மருந்து. அதற்கு இப்போது காப்புரிமையும் இல்லை, விளம்பரமும் இல்லை. 1998-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், உடல் பருமனான சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பைக் குறைத்த மருந்து இது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை இதில்தான் தொடங்குகிறது. மக்கள் மருந்தகத்தில் சாதாரண மெட்ஃபார்மின் 500 ஒரு மாத்திரை ஒரு ரூபாய்க்குள்தான் இருக்கும். மலிவாக இருப்பதாலேயே அது கை மருந்து மாதிரி அலட்சியமாகப் பார்க்கப்படுவதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'தயாரிப்பு' என்று ஒரு கம்பெனி பெயரும், 'விற்பனை' என்று இன்னொரு பெயரும் இருக்கும். பெயர்பெற்ற பிராண்டுகள் பலவற்றை இமாச்சலப் பிரதேசத்திலோ சிக்கிமிலோ இருக்கும் வேறு யாரோ ஒரு தொழிற்சாலை தயாரித்துக் கொடுத்திருக்கும். அதே தொழிற்சாலை மலிவான பெயரிலும் அதே மருந்தைத் தயாரித்துக் கொடுக்கலாம். ஆகவே நீங்கள் மனப்பாடம் செய்யவேண்டியது பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும்தான். மெட்ஃபார்மினுக்குப் பின்னால் 'எஸ்.ஆர்.' என்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது மெதுவாகக் கரையும் வகை, உடைத்தோ கடித்தோ சாப்பிடக் கூடாது.

தரக்குறைவான மருந்தே நாட்டில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் தரமற்ற மருந்துப் பட்டியலில் மலிவான பெயர்களும் வருகின்றன, விலை உயர்ந்த பெயர்களும் வருகின்றன. விலை எந்தப் பக்கத்துக்கும் உத்தரவாதம் இல்லை. நமக்கு இருக்கும் நல்ல வசதி, சர்க்கரை அளந்து பார்க்கக்கூடிய நோய் என்பது. பிராண்டை மாற்றினால் இரண்டு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்திலும் பாருங்கள், மூன்று மாதத்தில் சராசரியைப் பாருங்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வீட்டுக்கு வருவது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து மாத்திரை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அந்த மாத்திரைகளை வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கிய அமைப்பு. மொத்தமாக டெண்டர் விட்டு, பிராண்ட் பெயர் பார்க்காமல் மருந்துப் பெயரில் வாங்கி, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் (பேட்ச்) ஆய்வகத்தில் சோதித்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது அதன் வழக்கம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டுபோன ஏற்பாடு இது. மருந்துக்கடைக்காரருக்குக்கூட அவர் விற்கும் மாத்திரையின் சோதனைச் சான்றிதழ் கையில் இருக்காது. அரசாங்க மாத்திரையில் பவர் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை இவற்றையெல்லாம் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் நோயாளிகள் பலர் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், கட்டுப்பாட்டோடு இருக்கிறார்கள். புதுவகை மருந்துகள் எல்லா இடத்திலும் எப்போதும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை மட்டும் வெளியே வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இருக்கிறது. சாதாரணக் கடையில் வாங்கினாலும் பழைய அட்டைகளின் விலையோடு ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

டாக்டர் ஏமாற்றுகிறாரா? உங்கள் சீட்டை வைத்து அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரமில்லை. டாபாகிளிஃப்ளோசினை எழுதியவர் அந்தச் சிறுநீர் ரிப்போர்ட்டைச் சரியாகப் படித்த டாக்டர். ஆனால் எங்கள் தொழிலில் மருந்து எழுதும் பழக்கம் எப்படி உருவாகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. ஆளுக்கு வாழ்நாள் முழுக்க தினமும் மாத்திரை. இப்படி ஒரு சந்தையில் ஒரு மருந்தின் காப்புரிமை முடிந்த மறுநாளே டஜன் கணக்கில் பிராண்டுகள் இறங்கும். மருந்து ஒன்றே என்பதால் வித்தியாசம் காட்டுவதற்கு அதோடு இன்னொன்றைக் கலப்பார்கள், பிறகு மூன்றாவதையும் கலப்பார்கள். மருந்துக் கம்பெனியின் ரெப் வந்து, 'டாக்டர், ஒரே மாத்திரையில் மூன்று மருந்து, நோயாளிக்கு வசதி' என்பார். அது முழுப் பொய்யும் இல்லை. எண்ணிக்கை குறைந்தால் மறக்காமல் போடுவார்கள். ஆனால் மூன்றில் ஒன்றை மட்டும் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிவந்தால் கூட்டு மாத்திரையில் வழியில்லை. உங்கள் கணவருக்கு வோக்லிபோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் மற்ற இரண்டோடு சேர்ந்து அதுவும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

அந்த டெனெலிகிளிப்டினின் கதையும் இதில் சேரும். ஜப்பானில் உருவானது. 2015-ல் இங்கே வந்தபோது ஒரு மாத்திரை 20 ரூபாய்க்குள் இருந்தது. அப்போது சிட்டாகிளிப்டின் அதைப்போல் இரண்டு மடங்கு. அந்த விலை ஒன்றே போதுமானதாக இருந்தது, ஊரெல்லாம் எழுதினோம். நானும் எழுதினேன், நோயாளிக்கு மிச்சம் என்று நம்பித்தான். சிட்டாகிளிப்டின் இதயத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்று காட்ட அதே 2015-ல் 14,671 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. டெனெலிகிளிப்டினுக்கு அந்த அளவில் ஆய்வு எதுவும் அப்போது கையில் இல்லை. 2022-ல் அது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மலிவு என்பது நல்ல காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணமாகிவிடக் கூடாது என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

கிளிமிபிரைடைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மலிவு, சர்க்கரையை நன்றாக இறக்கும். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதையும், சிட்டாகிளிப்டின் குடும்பத்து லினாகிளிப்டினையும் ஆறாயிரம் பேரிடம் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் தாழ்சர்க்கரை, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போவது, ஒருமுறையாவது வந்தவர்கள் கிளிமிபிரைடில் சுமார் 38 சதவீதம், லினாகிளிப்டினில் 11 சதவீதம். விலை அதிகமான மாத்திரை சும்மா எழுதப்படுவதில்லை, தாழ்சர்க்கரை பயம்தான் அதற்குக் காரணம் என்பது இதிலிருந்து தெரியும். தனியாக இருக்கும் முதியவர், நேரத்துக்குச் சாப்பிட முடியாதவர், லாரி ஓட்டுபவர் இவர்களுக்கு நானும் கிளிமிபிரைடைத் தவிர்க்கிறேன். உங்கள் கணவர் வீட்டில் உங்களோடு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பவர். குறைந்த அளவில் அவருக்கு அது பொருந்தலாம்.

டாக்டரிடம் போய், 'ஏன் இவ்வளவு விலை' என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும். நான் நோயாளியாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "டாக்டர், ஒரு உண்மையைச் சொல்லணும். ஒரு வருஷமா பாதி மாத்திரைதான் போட்டுருக்கார். எங்களால மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல முடியல. இதுல எதை விடவே கூடாது, எதை விடலாம்னு நீங்களே வரிசைப்படுத்திக் கொடுங்க." அவர் கோபப்படுவார் என்று பயப்படாதீர்கள். இதைக் கேட்டு எனக்கு ஆறுதல்தான் வந்திருக்கிறது, ஏனென்றால் புரியாமல் இருந்த எண்ணுக்கு விடை கிடைத்துவிடுகிறது.

ஆயிரம் ரூபாய் என்று நான் சொன்னது கணக்கில்லாமல் இல்லை. டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டன், ரோசுவாஸ்டாடின் மூன்றையும் நீங்கள் இப்போது வாங்கும் அதே விலையில் அதே பிராண்டில் வாங்கினாலும் 855 ரூபாய். மெட்ஃபார்மினையும் கிளிமிபிரைடையும் தனித்தனியாக மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் இரண்டும் சேர்ந்து சுமார் 120. மொத்தம் 975. அரசு மருத்துவமனையில் கிடைப்பதை அங்கேயே வாங்கிக்கொண்டால் இன்னும் இறங்கும். இவற்றை ஒழுங்காக, டாக்டர் புதிதாகத் தீர்மானிக்கும் அளவில், மூன்று மாதம் போட்டுப் பார்த்து, சராசரி இறங்கவில்லை என்றால் சிட்டாகிளிப்டினைத் திரும்பச் சேர்ப்பதைப் பற்றி அவர் யோசிக்கட்டும்.

இன்சுலினும் அப்படித்தான். மாத்திரையை முழுசாகப் போட்டும் 9.4 என்றால் தயங்காமல் தொடங்கவேண்டும். பாதி போட்டதில் வந்த 9.4-க்குத் தொடங்குவது அவசரம். நிஜமாகவே தேவைப்பட்டாலும் பேனாவில் வரும் விலை உயர்ந்த வகையில்தான் ஆரம்பிக்கவேண்டும் என்றில்லை. பழைய ஹியூமன் இன்சுலின் பாட்டில் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டிலில் 40 என்று போட்டிருந்தால் 40 என்று போட்ட சிகப்பு மூடி சிரிஞ்சில்தான் எடுக்கவேண்டும், 100 சிரிஞ்சில் எடுத்தால் அளவு தப்பும். இதை மட்டும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோக வேண்டாம். அலமாரியில் இருக்கும் அத்தனை அட்டைகளையும், அந்த டெனெலிகிளிப்டின் உட்பட, ஒரு பையில் போட்டு மேஜையில் வையுங்கள். 15 நாள் பில்லும் கூட இருக்கட்டும். மூன்று நாள் சர்க்கரை பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கண் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சிறுநீரில் இவ்வளவு புரதம் ஒழுகுகிறது என்றால் விழித்திரையையும் பார்த்தாகவேண்டும். அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் கண்ணில் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள், செலவில்லை. சொட்டு விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும், அதனால் அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.